நடுவுல கெடக்க அஞ்சு சீட்டு

அபிலாஷ்: ...கடைசிச் சீட்டும் போட்டாச்சு. நான் பணம் வைக்கல, செக். நீ?

கிளைட்டன்: நானும் செக்.

அபிலாஷ்: அப்ப கையில உள்ளதத் திருப்பு.

கிளைட்டன்: இந்தா... என்னலே என் மூஞ்சியப் பாக்க? யாருக்கு ஆட்டம்?

அபிலாஷ்: அதத்தான் நானும் கேக்கேன். யாருக்கு?

கிளைட்டன்: வாத்தியாரு நீதான சொல்லணும்.

அபிலாஷ்: உனக்குத்தாம்லே. கையில ரெண்டு ராசா. நடுவுல இன்னொரு ராசா கெடக்கு. மூணு ராசாவ வச்சுக்கிட்டு எவனாவது செக்கும்பானா?

கிளைட்டன்: ஆ... ஆழம் பாத்தேன்.

அபிலாஷ்: கடைசிச் சீட்டுக்குப் பொறவு என்னத்த ஆழம்? எனக்குப் புரியவே இல்ல. இரு, நோட்ட எடுக்கேன். சிரிக்காத.

கிளைட்டன்: எடுத்துட்டாரு கணக்கு வாத்தியாரு! உங்க நாசரேத்துல சீட்டத் தொடுததே பாவம்பாங்க. இவன் அதுக்கு நோட்டு வேற போடுதான்.

அபிலாஷ்: எங்க அம்மாட்ட சொல்லிராத. கேளு. ரெண்டு வருசமா சனிக்கிழமை சனிக்கிழமை நாம ரெண்டு பேரு மட்டும் போக்கர் ஆடுதோம். நாலாயிரத்துச் சொச்சம் கை. எல்லாம் இதுல இருக்கு.

கிளைட்டன்: ரெண்டு ரூவா, அஞ்சு ரூவா ஆட்டத்துக்கு இம்புட்டா...

அபிலாஷ்: குறுக்கப் பேசாத. ஆளுக்கு ரெண்டு சீட்டு போட்டதும் நூறுக்கு எழுவத்தாறு கை நீ ஆட்டத்துக்குள்ள வருவ. அதுல அறுவது பணத்த ஏத்தி, ரெய்ஸ் பண்ணி வருவ. போன வருசமும் அதான், போன வாரமும் அதான். ஒரு புள்ளி மாறல.

கிளைட்டன்: பொறவென்ன கொறைங்குத?

அபிலாஷ்: நடுவுல சீட்டு விழுந்ததும் நீ வேற ஆளாயிருத. முன்னெல்லாம் மூணு தடவ பணத்த ஏத்தி அடிச்சா, ஒரு தடவதான் எம்பணத்துக்குச் சமமா வச்சு கால் பண்ணுவ. மே மாசத்துல இருந்து பாரு... செக், கால், செக், கால். நான் வெத்துச் சீட்ட வச்சு அடிச்சாலும் கால். நெசமாவே வச்சிருந்து அடிச்சாலும் கால்.

கிளைட்டன்: ஸ்டைல மாத்திட்டேன். அவ்வளவுதான்.

அபிலாஷ்: மாத்துறவன் முழுசா மாத்துவாம்லா? நீ பாதி ஆட்டம் கிளைட்டன், மீதி ஆட்டம் யாரோ.

கிளைட்டன்: முந்நூறு கைய வச்சு ஒண்ணும் சொல்லக் கூடாதும்ப, நீதான.

அபிலாஷ்: இப்ப எழுநூறு ஆச்சு. ஸ்டெபி கூட ஏதும் புருசன் பொண்டாட்டி சண்டையா?

கிளைட்டன்: அது தெனமும் உள்ளது. அதுக்கும் ஒரு நோட்டு போடு.

அபிலாஷ்: குடிக்கியா?

கிளைட்டன்: டீயத்தாங் குடிக்கேன். மக்ரூன் தட்ட இங்கிட்டுத் தள்ளு. மொதல்ல சீட்டக் கலைலே.

அபிலாஷ்: அதுவும் நாந்தான். மே மாசத்துல இருந்து நீ ஒரு கை கூடப் போடல.

கிளைட்டன்: உங்கை ராசியான கையி.

அபிலாஷ்: வண்டி எங்க? ஹார்பர்ல இருந்து இன்னைக்கும் பவுல்தான் வீட்டுல எறக்கிவிட்டானா?

கிளைட்டன்: உன் தம்பி வார வழிதான. பெட்ரோல் மிச்சம்.

அபிலாஷ்: பவுல் அப்பவே ஒண்ணு சொன்னான்... மே மாசம் ஹார்பர்ல ஒரு கண்டெய்னரு லாரியில உக்காராம ஓரத்துல இடிச்சு எறங்குச்சாமே. கிரேன்ல நீதான் இருந்தியாம்.

கிளைட்டன்: காத்து. நம்மூரு காத்து உனக்குத் தெரியாதாக்கும்.

அபிலாஷ்: கீழ நின்னது அவன்.

கிளைட்டன்: தெரியும்லே... அவனுக்கு ஒண்ணும் ஆவலல்லா. போடு.

அபிலாஷ்: போட்டாச்சு. பதினஞ்சு ரூவா வைக்கேன்.

கிளைட்டன்: இரு... அந்த ஜன்னலத் தொறந்து விடு.

அபிலாஷ்: தொறந்துதாங் கெடக்கு. மத்தியானம் ரெண்டு மணி.

கிளைட்டன்: ஆங்... நாப்பத்தஞ்சு.

அபிலாஷ்: இந்தா, இது பழைய கிளைட்டன். கால். நடுவுல மூணு சீட்டு போடுதேன்.

கிளைட்டன்: ...செக்.

அபிலாஷ்: அம்பது.

கிளைட்டன்: கால்.

அபிலாஷ்: நாலாவது.

கிளைட்டன்: செக்.

அபிலாஷ்: ஆல் இன். எம்பணம் மொத்தமும். யோசி. அவசரமில்ல.

கிளைட்டன்: ...கால்.

அபிலாஷ்: நடுவுல என்னென்ன கெடக்குன்னு பாத்துட்டுத்தான் சொல்லுதியா?

கிளைட்டன்: நீ போட்டதுதாங் கெடக்கு.

அபிலாஷ்: என்ன போட்டேன்? சொல்லு.

கிளைட்டன்: பள்ளிக்கூடத்துப் பிள்ளையாலே நான்? ...ஒரு ராணி. பொறவு சின்னச் சின்னது.

அபிலாஷ்: எது ராணி? தொட்டுக் காட்டு.

கிளைட்டன்: இந்தா, இது.

அபிலாஷ்: கிளைட்டா... அது ராணி இல்லலே. ஜோக்கர்.

கிளைட்டன்: ஜோக்கரா? அது எப்படிலே இதுக்குள்ள வந்துச்சு?

அபிலாஷ்: இந்த ஆட்டத்துல ஜோக்கரே கெடையாது. வீட்டுல இருந்து சட்டப்பையில வச்சுக் கொண்டாந்தேன். எங்கணக்கு தப்பா இருக்கணும்னு வழியெல்லாம் செபம் பண்ணிட்டு வந்தேன். கையில உள்ள ரெண்டையும் மூஞ்சிக்கிட்ட வச்சுப் பாத்துருத. அதான் அதுல ஒரு புள்ளி மாறல. நடுவுல கெடக்கதுதான் உனக்குத் தெரியல. ஒரு மொழம் தள்ளி இருக்க சீட்டு தெரியல... நூறடி ஒசரத்துல உக்காந்து, கீழ நிக்கவன எப்படிலே பாக்க?

கிளைட்டன்: மெதுவாப் பேசு. ஸ்டெபி அடுப்படியில இருக்கா.

அபிலாஷ்: திங்கக்கிழமையும் பவுல் கீழதான நிப்பான்? நோட்டுக்கு உள்ள ஒரு கடுதாசி இருக்கு. உங்க ஆபீசுக்கு. மூணு நாளா எழுதுனேன். நீயாச் சொல்லலன்னா நாங் கொண்டு குடுத்துருவேன். அதுக்குப் பொறவு நீ எங்கூடப் பேசாட்டாலும் சரி.

கிளைட்டன்: கிழிச்சுப் போடு. மே மாசம் அந்த லாரியில இடிச்சதுதாங் கடைசி. மறுநாளே நானே போய்ச் சொல்லிட்டேன், இனி மேல ஏற மாட்டேன்னு. சுகரு கண்ணுல ஏறிருச்சாம். இப்ப ஹார்பர் வாசல்ல, லாரிக்காரன் நீட்டுத பேப்பருக்குச் சீல் குத்திக்கிட்டு இருக்கேன். எந்தப் பேப்பருன்னு அவனுவளே சொல்லிருவானுவ. ஸ்டெபிக்குத் தெரியாது... அவளுக்கு நாஞ் சொல்லிக்கிடுதேன். பவுலுக்குத் தெரியும். இல்லன்னா எதுக்கு என்னத் தெனமும் ஏத்தி எறக்குதான்? உங்க ஆளுக மாதா மேல சத்தியம் பண்ண மாட்டியளேன்னு அவங்கிட்ட பைபிள் மேல வாங்கிட்டேன், உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு. தெரிஞ்சா நீ பாவம் பாத்து ஆடுவ. எல்லாரும் பாவமாப் பாக்க பொழப்புல, இது ஒண்ணுலதான் நீ என்ன ஈவு எரக்கமில்லாம அடிச்சுக்கிட்டு இருந்த... சரி, அந்தச் சனியன் ஜோக்கர எடுத்து ஜன்னலுக்கு வெளிய எறி. அடுத்த கையப் போடு. நடுவுல விழுத சீட்டு ஒவ்வொண்ணையும் பேரச் சத்தமாச் சொல்லிப் போடு. அப்ப பாக்கேன் உன் நோட்ட.