பல் டாக்டரும் மாப்பிள்ளையும்

அந்த நாற்காலி வேண்டாம்மா, அதுக்கு மூணு கால்தான். பழகினவங்களை மட்டும்தான் உக்கார விடும். இப்படி இந்தத் தீவனப் பெட்டி மேல உக்காருங்க. கோட்டுல தூசி ஒட்டும், பரவாயில்லையா? வெள்ளைக் கோட்டோட லாயத்துக்கு வந்தவங்களை நான் இப்பதான் முதல்தடவை பாக்குறேன். உங்கப்பாகூட கோட்டைக் கழட்டி வெச்சிட்டுத்தான் வருவார்.

தெரியும்மா, தெரியும். கிளினிக்ல ஆறு பேர் தாடையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. இவர் மூணு மணி ஆச்சுன்னா பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறார். கேட்டா வாக்கிங் போறேங்கிறார். எட்டு மாசமா நம்பியிருக்கீங்க. வாக்கிங் போறவர் சட்டையில குதிரை முடி ஏன் ஒட்டியிருக்குன்னு இன்னிக்குத்தான் யோசிச்சிருக்கீங்க. நீங்க கோவப்படுறதுல தப்பே இல்ல. அறுபத்திமூணு வயசுல எங்கப்பா இப்படிப் பண்ணியிருந்தா நான் லாயத்தையே கொளுத்தியிருப்பேன்.

அதோ, ஜன்னல் வழியா பாருங்க. மைதானத்தோட அந்தக் கடைசியில, மரத்தடியில குதிரை மேல சுத்தி வர்றது அவர்தான். நடைதான், ஓட்டம் இல்ல. உங்க கார் உள்ள நுழைஞ்சதைப் பாத்துட்டார். அதுலேர்ந்து இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டேங்கிறார். எங்கயும் போயிட மாட்டார், சுத்தி வேலி இருக்கு. நீங்க அஞ்சு நிமிஷம் உக்காருங்க. முழுசா கேட்டுட்டுப் போய்த் திட்டுங்க, அப்பதான் திட்டு சரியான இடத்துல விழும்.

முப்பது வருஷமா நான் இந்த நாலு குதிரையை, இல்ல, முன்னாடி வேற குதிரைங்க, இதுங்களை வெச்சு ஆளுங்களுக்கு சவாரி கத்துக் குடுக்கிறேன். புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல குதிரையோட நின்னு போட்டோ எடுத்துப்பாங்க. உங்கப்பா நேரா போய் மாப்பிள்ளை வாயைத் திறந்து பாத்தார்.

மாப்பிள்ளை குதிரைம்மா. எனக்குப் பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. எதுக்கெடுத்தாலும் முறுக்கிக்குவான், சாப்பாட்டுல குத்தம் சொல்வான், வேலைன்னா மட்டும் கால் நொண்டும். வேற என்ன பேர் வெக்கிறது. முன்னாடி ரேஸ்ல இருந்தவன். ஓடினான்னு சொல்ல முடியாது, மத்த குதிரைங்க ஓடினதைப் பின்னாடியிருந்து பாத்தான்.

அவன் வாய்க்குள்ள விரலை விட்டு, மேல இடது பக்கம், கடைசிக்கு முன்னாடி பல்லு ஓரம் கூரா இருக்கு, கன்னத்தைக் குத்தும்னார் உங்கப்பா. நான் சிரிச்சேன். அடுத்த வாரம் மாட்டு டாக்டர், அவர்தான் குதிரைக்கும், வந்து பாத்துட்டு அதே பல்லைச் சொல்லி அரத்தை வெச்சு ராவினார். நான் சிரிப்பை நிறுத்திட்டேன். மாப்பிள்ளை வாயைத் திறக்கிறதை நிறுத்திட்டான். உங்கப்பா தலை தெரிஞ்சாலே பல்லைக் கடிச்சிக்குவான். கடிவாளம் மாட்ட இருபது நிமிஷம் ஆகும்.

ஏன் சார் இந்த வயசுல குதிரைன்னு கேட்டேன். நாப்பது வருஷமா குனிஞ்சே நின்னுட்டேன் டீச்சர், கொஞ்ச நேரம் நிமிர்ந்து உக்காரணும்னார். அதுக்கு வீட்ல சோபா இல்லையான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல.

முதல் ஒரு மாசம் என் ரத்த அழுத்தம் எங்க இருந்துச்சோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். சாதாரணக் குதிரைன்னா கடிவாள வாரை இழுத்தா நிக்கும். ரேஸ்ல இருந்தது அப்படி இல்ல. ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிச்சா, சரி, கிளம்பியாச்சுன்னு அந்தப் பிடியில சாஞ்சுக்கிட்டே ஓடும். உங்கப்பாவோ, பல்லைப் பிடுங்கியே பழகின மணிக்கட்டு. இவர் இழுக்க, அவன் ஓட. அவன் ஓட, இவர் இன்னும் இழுக்க. ஒருநாள் பதினோரு சுத்து. நான் நடுவுல நின்னு விடுங்க சார், கையை விடுங்க சார்னு கத்துறேன். ஓடுற குதிரையில கையை விடச் சொல்றாளே, இவளுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு நினைச்சாராம். கடைசியில கண்ணாடி மூக்குலேர்ந்து நழுவினப்போ அதைப் பிடிக்கக் கையை எடுத்தார். மாப்பிள்ளை அப்படியே நின்னுட்டான். இவர் போய் அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு, அந்த நிலைமையிலயே என்கிட்ட கேக்குறார், டீச்சர், இவனுக்கு பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே பெடலான்னு.

இல்லம்மா, விழல. இன்னிவரைக்கும் ஒரு தடவைகூட விழல. அது என் வித்தை இல்ல, அவர் பிடிவாதம்.

அதுக்கப்புறம்தான் கலெக்‌ஷனை ஆரம்பிச்சேன். அந்த வார்த்தையைச் சொன்னதும் உங்கப்பா ஃபீஸ் கேக்குறேன்னு நினைச்சு சட்டைப் பையில கையை விட்டார். அது இல்ல சார், குதிரை உடம்பைச் சேர்த்துப் பிடிச்சு நடக்கிறதுக்கு அப்படிப் பேர்னு விளக்கினேன். குதிரைக்குத் தலையும் கழுத்தும் கனம், அதனால எப்பவும் பாரத்தை முன்னாடி போட்டுத்தான் நடக்கும். மேல ஒரு ஆள் வேற உக்காந்தா கவுந்த வண்டி மாதிரி முன்னங்கால்லயே சாயும். அதைப் பின்னங்காலை வயித்துக்கடியில கொண்டுவர வெச்சு, பாரத்தைப் பின்னாடி வாங்க வெச்சு, முதுகைத் தூக்கி நடக்க வெக்கணும். வேகம் குறையும், சக்தி குறையக் கூடாது. மாமியார் முன்னாடி கோவத்தை அடக்கிக்கிட்டு காப்பி குடுக்கிற மருமக மாதிரி. உள்ள எல்லாம் இருக்கும், டம்ளர் மட்டும் ஆடாது.

ஆங், சிரிச்சீங்க. உங்கப்பா சிரிக்கல, நோட்டுல எழுதிக்கிட்டார்.

புரிஞ்சிடுச்சு, கைக்குத்தான் வரல. நீங்க கால்ல பின்னாடியிருந்து தள்ளணும், முன்னாடி கை அதை மெதுவா வாங்கிக்கணும், இழுக்கக் கூடாதுன்னா, தலையை ஆட்டுவார், ஏறினதும் இழுப்பார். பொறுக்க முடியாம ஒருநாள் நானே குதிரையாயிட்டேன். இந்தப் பெட்டி மேலதான், நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான், வார் நுனி ரெண்டையும் கையில பிடிச்சு, கண்ணை மூடி உக்காந்தேன். பின்னாடி நின்னு ஓட்டுங்க சார், உங்க கை என்ன சொல்லுதுன்னு நான் சொல்றேன்னேன். அந்த நேரம் பாத்துத் தீவனம் கொண்டுவர்ற லாரிக்காரர் உள்ள வந்தார். பாத்தார். மூட்டையை வாசல்லயே இறக்கிட்டுப் போயிட்டார். இப்பவும் அந்த ஆள் என் முகத்தைப் பாத்துப் பேசுறதில்ல.

அன்னிக்கு எனக்குத் தோள்பட்டை கழண்டு வர்ற மாதிரி ஆச்சு. சார், இது என்ன பல்லுன்னு நினைச்சீங்களா, இந்த இழு இழுக்குறீங்கன்னு கத்திட்டேன். அவருக்கு அப்படி ஒரு கோவம் வந்து நான் பாத்ததில்ல. டீச்சர், பல்லை எவனும் இழுக்கிறதில்ல. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க. முதல்ல உள்பக்கமாத் தள்ளணும், மெதுவா அசைச்சுக் குடுக்கணும், அது இடம் விட்டதும் தானா கைக்கு வரும். இழுத்தா உடைஞ்சிடும். இதுகூடத் தெரியாம பேசாதீங்கன்னார். நீங்களும் அப்படித்தான் பண்ணுவீங்க, இல்ல? பாருங்க, எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

சரி சார், பல்லுக்கே அவ்வளவு மரியாதை குடுக்குறீங்க, என் குதிரை என்ன பாவம் பண்ணினான்னு கேட்டேன். வாரைச் சுருட்டி ஆணியில மாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டார். இனி வரமாட்டார்னு நினைச்சேன்.

மறுநாள் மூணேகாலுக்கு வந்து நிக்கிறார். ஏறினார். இழுக்கல. கால்ல தள்ளினார், கையை மூடினார், திறந்தார். மூடினார், திறந்தார். ஒண்ணும் நடக்கல. அஞ்சு வாரம் ஒண்ணும் நடக்கல. ஆறாவது வாரம் ஒருநாள், நான் பாட்டுக்கு அந்த மூலையில சாணி அள்ளிட்டிருக்கேன், குளம்புச் சத்தம் மாறிச்சு. தொபுக் தொபுக்னு விழுற சத்தம் போய், தரையைத் தொட்டுத் தொட்டு எடுக்கிற மாதிரி. நிமிர்ந்து பாத்தா, மாப்பிள்ளை முதுகைத் தூக்கி, கழுத்தை வளைச்சு, கடிவாள இரும்பை மென்னுக்கிட்டு ராஜா மாதிரி நடக்கிறான். வார் ரெண்டும் நூல் மாதிரி லேசா இருக்கு. அஞ்சு அடி. மிஞ்சினா ஆறு. அப்புறம் பழைய நொண்டி நடைக்கு வந்துட்டான்.

எனக்குக் கத்த ஒண்ணுமே கிடைக்கல. உங்கப்பா இறங்கி அப்படியே மண்ணுல உக்காந்துட்டார். யாரோ கீழயிருந்து என்னை ரெண்டு கையாலயும் தூக்கின மாதிரி இருந்துச்சு டீச்சர்னார். அந்த அஞ்சு அடிக்கு நான் ஆறு வருஷம் உழைச்சிருக்கேன்மா, என் காலத்துல. அவருக்கு அஞ்சு மாசம். பொறாமையா இருந்துச்சு, பொய் சொல்லல.

அதுக்கப்புறம் அஞ்சு அடி இருபது ஆச்சு, அரைச் சுத்து ஆச்சு. நல்லாத்தான் போச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை தலையை வெட்ட ஆரம்பிச்சான். வலது பக்கம் மட்டும், ஈ மொய்க்கிற மாதிரி வெடுக் வெடுக்னு. பல்லைப் பாத்தேன், கடிவாளத்தை மாத்தினேன், மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன், ஒரு குறையும் இல்லைன்னுட்டார். நான் ஏறினா ஒழுங்கா போறான். உங்கப்பா ஏறினா வெட்டுறான். சரி, பழைய பல்லு விரோதம்னு விட்டுட்டேன்.

ஒருநாள் அவரை மேல உக்கார வெச்சுட்டு, நான் குதிரை வாய்கிட்ட நின்னு வலது வாரைச் சும்மா ரெண்டு விரலால தொட்டேன். பையில வெச்ச போன் அதிருமே, அப்படி இருந்துச்சு. சார், வாரை ஆட்டாதீங்க, அவனுக்குக் கூசுதுன்னேன். நான் ஆட்டல டீச்சர்னார். நான் நிமிர்ந்து அவரைப் பாத்தேன். அவர் குதிரைக் காதைப் பாத்துட்டிருந்தார்.

இறுக்கிப் பிடிச்சு இழுத்திட்டிருந்த வரைக்கும் அந்தக் கை நடுக்கம் தெரியலம்மா. யாருக்கும் தெரியல. கை லேசானதுக்கப்புறம்தான் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு, அப்புறம் எனக்கு. அவருக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும்.

ஆமா. நீங்க ரெண்டு மாசமா முணுமுணுத்துட்டிருக்கீங்களாமே, பிடுங்குற கேஸ் எல்லாத்தையும் அப்பா என் தலையிலயே கட்டுறார், சோம்பேறி ஆயிட்டார்னு. அதுக்கு இதுதான் காரணம். நரம்பு டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டார். அந்தச் சீட்டு உங்க பின்னாடி டிராயர்ல, மாப்பிள்ளையோட தடுப்பூசி அட்டைக்கு அடியில இருக்கு. வீட்ல வெச்சா நீங்க பாத்துடுவீங்கன்னு இங்க கொண்டுவந்து வெச்சார். எடுத்துப் படிங்க, எனக்குப் படிச்சா ஒண்ணும் புரியல, உங்களுக்குப் புரியும். ஆரம்பம்தான்னு சொன்னாங்களாம்.

உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். அதான் இவ்வளவு நேரம் குதிரையைப் பத்தியே பேசிட்டிருந்தேன், நீங்களே எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னு பாத்தேன், போகல. நீங்களே சொல்லிடுங்க சார்னு நானும் நாலு தடவை சொன்னேன். நாப்பது வருஷமா எல்லார்கிட்டயும் வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லிட்டேன் டீச்சர், அவகிட்ட மட்டும் அந்தப் பொய் வராதுங்கிறார்.

போங்க. வேலி ஓரமா சுத்தி முன்னாடி போய் நில்லுங்க, மாப்பிள்ளைக்குப் பின்பக்கமா போகாதீங்க. கோட்டுல கிளினிக் வாசனை அடிச்சா வாயை மூடிக்குவான், அதைப் பெருசா எடுத்துக்க வேண்டாம். போய் என்ன திட்டணுமோ திட்டுங்க, மெதுவா திட்டுங்க, அவர் இன்னும் ரெண்டு சுத்து போகணும். இப்ப வாரை ஒத்தைக் கையில பிடிக்கக் கத்துக் குடுத்திட்டிருக்கேன். பெரிய ஆளுங்க செய்யற வித்தை அது, என் ஸ்டூடன்ட்ல யாரும் இதுவரைக்கும் அந்த அளவுக்கு வந்ததில்ல. ரெண்டு வாரும் இடது கைக்கு. வலது கையைத் தொடை மேல வெச்சுக்கச் சொல்லியிருக்கேன். அது அங்க ஆடிக்கிட்டுக் கிடக்கட்டும், மாப்பிள்ளைக்குத் தெரியாது.