றொபின்சனுக்கு ஊற்றிய கிளாஸ்

பன்றி இறைச்சி சுடுவதற்குக் கவ்வாத்து விறகை மிஞ்சி ஒன்றுமில்லை, போதகர் ஐயா. வெட்டிப்போட்ட தேயிலை மிளார் நின்று எரியும், கண்ணைக் கரிக்காது. அன்றைக்கும் அதில்தான் சுட்டேன்.

கோயில் வேலையெல்லாம் செய்துவிட்டு, திருவிருந்துக்கு மட்டும் நிற்காமல் ஏன் போய்விடுகிறாய் தேவதாசா என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கச்சி றீட்டா, புருஷன் றொபின்சனின் குடி தாங்காமல் என் வீட்டுக்கு வந்தவள். அந்த வருஷம்தான் என் மனைவி செத்துப்போனாள். ஆறு வருஷம் றீட்டா கையால்தான் சாப்பிட்டேன். வேலை விட்டுப் பூனாகலைக்கு ஏறி வரும்போது எங்கள் அடுப்புப் புகை தெரியும். அது போதும் எனக்கு.

பிறகு றொபின்சன் குடியை விட்டான். சபை முன்னால் சத்தியம் செய்து, இரண்டு வருஷம் தவறாமல் இருந்தான். மொனராகலைப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் வீட்டோடு காவல் வேலையும் கிடைத்தது.

"அண்ணே, திங்கக்கெழம நானும் அவரோட போறேன்" என்றாள் றீட்டா. அப்படி அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம். இனி நான் ஏறி வரும்போது புகை தெரியாது என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முந்தின வாரம் றொபின்சனைப் பதுளைக்கு மருந்துக்குக் கூட்டிப்போனது நான். டொக்டர் கனகரத்தினம் அவனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "ஈரல் கொஞ்சம்தான் மிச்சம் கிடக்கு. இனிக் குடிச்சால் ஆள் தப்பமாட்டார். வீட்டு ஆக்களிட்டயும் சொல்லி வையுங்கோ."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷமாகப் புறப்படுகிறவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும்?

ஞாயிறு மத்தியானம் வழியனுப்ப ஒரு சாப்பாடு வைத்தேன். எல்ல ஊரில் நான் சமையல் செய்கிற பங்களாவில் வெள்ளைக்காரர்கள் நான்கு போத்தல் சிவப்பு வைன் விட்டுப்போயிருந்தார்கள். அவர்கள் ருசி பார்க்கிற முறையைக் காட்டிக் கொடுத்தேன். முதலில் மோந்து பார்க்க வேண்டும், ஒரு வாய் குடித்து, ஒரு துண்டு இறைச்சி கடித்து, திரும்ப ஒரு வாய். மெல்லியது கோழிக்கு, துவர்ப்பானது பன்றிக்கு. நான் துரை மாதிரி கிளாஸைச் சுழற்றிக் காட்ட எல்லோருக்கும் சிரிப்பு.

"எனக்கு வேணாம் மச்சான்" என்றான் றொபின்சன்.

பங்களா டிரைவர் இத்ரூஸ் தன் தேத்தண்ணியோடு பக்கத்தில் இருந்தார். "அவருக்கு ஊத்தாதீங்கண்ணே" என்றார்.

"மாசாமாசம் கோயில் திருவிருந்துல குடிக்கிறதுதானே மச்சான்? அது ஒங்கள ஒன்னும் செய்யலியே" என்றேன்.

அவன் யோசித்தான். இரண்டு வருஷம் முழங்காலில் நின்று அந்தக் கிண்ணத்தில் குடித்தவன்தானே. றீட்டாவுக்கும் அது சரியாகப் பட்டது. "ஒரு வாய்தானே, குடிங்க" என்று அவளே கிளாஸை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

கோயில் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பது நம் இருவருக்கும்தான் தெரியும், ஐயா. குடியை விட்டவர்களுக்காக வைனை நிறுத்தியது நீங்கள். சபையார் மனம் கோணக்கூடாது, வெளியே சொல்லாதே என்றதும் நீங்கள். வெறும் திராட்சைச் சாற்றைக் காய்ச்சி ஊற்றுவது நான்.

இரண்டாவது கிளாஸை அவனே கேட்டான். மூன்றாவதை அவனே ஊற்றிக்கொண்டான். அவன் போகும்போது மிச்சம் இரண்டு போத்தலையும் சுட்ட இறைச்சியோடு பையில் வைத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை மொனராகலை பஸ்ஸில் யாரும் ஏறவில்லை. வைன் முடிந்ததும் கசிப்புச் சாராயத்துக்குப் போனான். ஐந்தாவது வாரம் இரத்தமாக வாந்தியெடுத்துச் செத்தான். நீங்கள்தான் அடக்கம் செய்து வைத்தீர்கள். நல்லவன். குழிமேட்டில் நான் அழுத அழுகை பொய்யில்லை.

தெரிந்துதான் ஊற்றினேன், ஐயா. அவனைக் கொன்றது நான்.

றீட்டா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அடுப்புப் புகை பாதையில் வரும்போதே தெரிகிறது. சோறு போடும்போது சில நாள் கையை நிறுத்திவிட்டு, "நான்தானேண்ணே கையில எடுத்துக் குடுத்தேன்" என்று அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றுவேன். இன்றுவரை அவளை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை.