முதலில் சேர்ந்த பெண்

தேக்காவில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டுக் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

"பிறக்காத பொண்ணு ஒருத்தி போன வாரம் ஸ்கூலுக்கு வந்தா, மல்லிகா."

"என்னக்கா சொல்றீங்க?"

"கடைவீட்டு மாடியில நான் ஸ்கூல் ஆரம்பிச்சப்போ ஒன்பது பையன்கதான் சேர்ந்தாங்க. பொண்ணுங்களையும் சேர்த்துக்குவோம்னு சொன்னா, 'வேற பொண்ணு இருக்கா?'ன்னுதான் எல்லா அம்மாவும் கேட்டாங்க. அதான் ரிஜிஸ்டர்ல நானே ஒரு பேரை எழுதினேன். வாசுகி. பிறந்த தேதியும் நானாப் போட்டதுதான். அதைக் காட்டினதும் மத்த பொண்ணுங்க வந்துட்டாங்க. இப்ப நாலு மாடி, பாதிக்குப் பாதி பொண்ணுங்க."

"அந்தப் பேரு?"

"அப்பவே கோடு போட்டு அடிச்சிட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல லா."

பேருந்து குவீன்ஸ்டவுனை நெருங்கியது. மூத்தவர் தொடர்ந்தார்.

"போன வாரம் ஒருத்தி மகளைச் சேர்க்க வந்தா. 'தெரியலையா டீச்சர்? நான்தான் வாசுகி, இங்க முதல்ல சேர்ந்த பொண்ணு'ங்கறா. மொத வாரம் பையன்களுக்கு நடுவுல தனியா உட்கார்ந்து அழுதாளாம். நான்தான் கண்ணைத் துடைச்சு விட்டேனாம்."

"யாராச்சும் விளையாடுறாங்களோ?"

"ஐசி, அவ அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். நான் போட்ட அதே தேதி."

"ஐயோ! என்ன செஞ்சீங்க?"

"ரிஜிஸ்டரை எடுத்தேன். அவ மகளைச் சேர்த்துக்கிட்டேன். பேர் வச்சது நான். இடமில்லைன்னு எப்படிச் சொல்றது?"