துன்யா அடைக்காத துளை

பெயர் மிலிசாவ் க்ருயிச், தகப்பனார் பெயர் ரதிவோய், வயது 57, தொழில் கணப்புக் கட்டும் மேஸ்திரி, இருப்பு பாஞ்செவோ நகரம், வோய்லோவிட்சா பகுதி, கதவு எண் 14. கடந்த நவம்பர் 18ஆம் தேதி இதே வழக்கில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒரு இடம் பொய். அதைத் திருத்துவதற்காக, யாரும் அழைக்காமல் நானாகவே இன்று வந்திருக்கிறேன். அந்தப் பொய்யால் துன்யா ரிஸ்தானோவிச் என்ற பெண், புருஷனைக் கொன்றவள் என்ற பேரோடு விசாரணைக்கு அலைந்துகொண்டிருக்கிறாள்.

துன்யாவும் அவள் கணவர் வெல்கோவும் பவானிஷ்டே சாலையில் புது வீடு கட்டினார்கள். அக்டோபர் மாதம் வெல்கோ என்னை அழைத்து, கூடத்தில் விறகு எரிக்கும் திறந்த கணப்பு வேண்டும் என்றார். கண்ணாடிக் கதவு, சட்டம், மேல்தட்டு எதுவும் கூடாதாம். "வெள்ளைச் சுவரு, அதுல ஒரு கறுப்பு ஓட்டை, உள்ள தீ. அவ்வளவுதான் மேஸ்திரி. வேற ஒண்ணும் கண்ணுல படக்கூடாது" என்றார். "ஒண்ணுமே இல்லாததைக் கட்டறதுக்கு எதுக்குப்பா என்னைக் கூப்பிட்டே?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர்.

அது காற்றுப் புகாத புது வீடு. அப்படிப்பட்ட வீட்டில் திறந்த தீ எரிய வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே வர வழி வேண்டும். இல்லாவிட்டால் புகைபோக்கி வழியாக மேலே போக வேண்டிய விஷவாயு கூடத்துக்குள் திரும்பிவிடும். அதனால் தரைக்கடியில் குழாய் பதித்து, கணப்பின் கல்விளிம்புக்குக் கீழே நாலு விரல் உயரத்துக்கு ஒரு துளை விட்டேன். வெல்கோவின் விருப்பப்படி அதுவும் கண்ணில் படாது. தலையைத் தரையோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஊடே வீசும் காற்று பட்டால் நோய் வரும் என்று பயப்படாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. பஸ்ஸில் எதிரெதிர் ஜன்னலைத் திறந்தால் சண்டையே வந்துவிடும். துன்யா துளைக்கு நேரே காலை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ மேஸ்திரி, என்னமா அடிக்குது! இதுக்கு மூடி கீடி கிடையாதா?" என்றாள். "மூடினா செத்தே தங்கச்சி. துணி கிணி திணிச்சே, வந்து கையை ஒடிப்பேன்" என்றேன். அவள் இரண்டு கையையும் தூக்கி, "சத்தியமா தொட மாட்டேன், போதுமா?" என்றாள். இதை முன்பும் சொன்னேன், இது உண்மை. எச்சரித்தும் அடைத்தாள் என்று இதையே அவளுக்கு எதிராக எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு நவம்பர் 12, புதன்கிழமை காலை, சிறு தீ மூட்டி, புகைபோக்கி புகையை இழுக்கிறதா என்று பார்த்தேன். நன்றாக இழுத்தது. தீயை அணைத்துவிட்டு, கணப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முன்தரைக் கற்களுக்கு ஜாயிண்டு பூசத் தொடங்கினேன். கோஷாவா என்னும் குளிர்காற்று அன்று மூன்றாவது நாளாக ஊரைப் புரட்டிக்கொண்டிருந்தது. துளை வழியாக வந்த குளிர் நேராக என் இடுப்பில் அடித்தது. சிறுநீரகத்தில் குளிர் ஏறிவிடும் என்று பயந்துவிட்டேன். ஆமாம், அவள் கையை ஒடிப்பேன் என்று மிரட்டிய அதே நான்தான். கல் துடைக்க வைத்திருந்த பழைய ஸ்வெட்டரிலிருந்து வெட்டிய கைப்பகுதியைச் சுருட்டித் துளைக்குள் திணித்தேன். அரை மணி நேர வேலைதானே, முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

வேலை முடியும் நேரத்தில் வெல்கோ, "மேஸ்திரி, சாப்பாடு ஆறுது, வந்து கையைக் கழுவுங்க!" என்று கூப்பிட்டார். துன்யா முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிச் சமைத்திருந்தாள். மூவரும் ராக்கியா சாராயம் குடித்தோம். அதன் பிறகு சாமான்களை எடுத்துக்கொண்டு, பூச்சு காய மூன்று நாள் தீ மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியேறினேன். துளை என் நினைவிலேயே இல்லை.

நான்காம் நாள், ஞாயிறு மதியம் அவர்கள் முதல் தீயை மூட்டியிருக்கிறார்கள். இறைச்சி வறுக்கச் சமையலறையில் புகை இழுக்கும் மெஷின் ஓடியிருக்கிறது. உள்ளே வரக் காற்றில்லாமல் அது கணப்பின் வாயுவைக் கூடத்துக்குள் இழுத்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு வெல்கோ தணலுக்கு எதிரே சோபாவில் கண்ணயர்ந்தார். துன்யா மாடியில் படுத்தாள். நாலு மணிக்கு வந்த வெல்கோவின் அக்கா கதவைத் திறந்தபோது தம்பிக்கு உயிரில்லை. துன்யாவுக்கு ஆஸ்பத்திரியில் நினைவு திரும்ப மூன்று நாள் ஆனது.

18ஆம் தேதி அதிகாரி, துளையிலிருந்து எடுத்த ஸ்வெட்டர் கையைக் காட்டி, "இது உங்களுதா?" என்று கேட்டார். "வீட்டுக்காரங்களுதா இருக்கும்" என்றேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குளிருக்குப் பயந்து பெண்பிள்ளை அடைத்துவிட்டாள் என்று ஊரே உடனே நம்பியது. வாயுவின் பாதிப்பில் அந்த வாரம் முழுவதும் மறந்துபோனதால் துன்யாவும் நம்பிவிட்டாள்.

அதற்குப் பின் நான் என் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தே படுக்கிறேன். என் மனைவி ராடா, "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று போர்வையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பழைய வாடிக்கைக்காரர்கள் பதினோரு பேர் வீட்டுக்குப் போய்த் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எல்லாம் திறந்தே இருந்தன. ஆனாலும் கண்ணை மூடினால் விரல் நுனியில் கம்பளி தட்டுப்படுகிறது. பயமாக இருக்கிறது.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், அதாவது நேற்று, துன்யா என் வீட்டுக்கு வந்தாள். செத்தவருக்காக வேகவைக்கும் கோதுமையை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். "என்னால உங்க தொழிலுக்கும் கெட்ட பேரு மேஸ்திரி. எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா நான்தான் அடைச்சிருப்பேன், வேற யாரு? அவர்கிட்ட கேக்க முடியல. நீங்களாவது மன்னிச்சேன்னு சொல்லுங்க" என்றாள். நான் ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டு விழுங்கினேன். அதன் பிறகு, "மன்னிச்சேன் தங்கச்சி" என்றேன். அவள் என் வலது கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

இதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். இந்தத் தடவை பொய் ஒன்றுமில்லை, விட்டுப்போனதும் ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லாததால், முதலில் இதை அவளுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மிலிசாவ் க்ருயிச்