லீவுக்குப் போக ஒரு வீடு

கொல்லிமலையிலிருந்து இறங்கும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் துணிமூட்டையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா, பக்கத்திலிருந்த டீச்சரிடம் சொன்னார்.

"அரைப்பரீச்ச லீவு எம்புள்ளைக்கு மட்டும் உடாதீங்க டீச்சர்."

"எல்லாருக்குந்தான் லீவு. ஹாஸ்டலையே பூட்டிருவாங்களே."

"அவங்கப்பா போன வாரமே கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போயிட்டாருங்க. இப்ப நானும் போறேன். தை கழிஞ்சுதான் வருவோம். அவளையும் கூட்டிட்டுப் போனா படிப்பு அத்தோட போச்சு."

"பத்து நாளும் எங்கூட இருக்கட்டுமுங்க. வாடகை ரூமுல நானும் ஒத்த ஆளுதான்."

"போன லீவுக்கே கூப்புட்டீங்க, வரமாட்டேனுட்டா. லீவுன்னா எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குத்தான போவாங்க, நானும் எங்கூட்டுக்கே போறேன்னு நேத்து சாவிய வாங்கி வெச்சுக்கிட்டா. ஆளில்லாத ஊட்டுல நீ என்ன கண்ணு பண்ணுவேன்னு கேட்டேன். நீங்க வர்ற வரைக்கும் கூட்டிப் பெருக்கி வெக்கறேங்கறா."

டீச்சர் மடியிலிருந்த விடைத்தாள் கட்டு சரியாமல் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பஸ் இரண்டு வளைவு திரும்பிய பிறகுதான் கேட்டார்.

"உங்கூட்டுல ரெண்டு பேரு படுக்க எடம் இருக்குமுங்களா?"