லிங்கநகர் வாய்க்காலும் என் அறிக்கையும்

இந்தக் கதிரை வசதியாக இருக்கிறது, நன்றி. வாக்குமூலத்தை மெதுவாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பேணாட். வடிகால்களைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதன் மேலிருந்த பாலம் ஒடுக்கம், கார் வராது. மகள் சுலக்ஷனாவின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒழுங்கை முகப்பில் இறங்கி நடந்து வருவதை என் மனைவி மாகிரட் விரும்பவில்லை. ஆவணியில் மண் அள்ளும் பெக்கோ ஒன்றைப் பிடித்து வாய்க்காலைக் கிறவல் மண்ணால் நிரவினேன். அடியில் குழாய் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நேரம் இருக்கவில்லை. கலியாணம் வடிவாக நடந்தது. மாரிக்கு முன் மண்ணை வெட்டி எடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

புரட்டாதியில் பக்கத்து வளவுச் சிவாஜினி வந்தாள்.

"சேர், மழை வந்தா தண்ணி எங்கால போகும்?"

"நான் பாக்கிறன், பிள்ளை," என்றேன். நம்பிக்கொண்டு போனாள்.

கார்த்திகையில் கொட்டியது பெரிய மழைதான், மறுக்கவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த ஆறு வயது மகள் டிலக்ஷியை விட்டுவிட்டு, சிவாஜினி சந்திக்கு மருந்து வாங்கப் போனாள். பிள்ளை தண்ணீரில் இறங்கிவிடும் என்று கதவை வெளியே பூட்டியிருந்தாள். கிறவலில் முட்டித் திரும்பிய வெள்ளம் அவள் வளவுக்குள் ஏறியது. மற்ற ஒழுங்கைகளில் முழங்கால் அளவு. அங்கே யன்னல் மட்டம். திரும்பி வந்தவளுக்கு, பூட்டின் திறப்பு கையில் இருந்தும் கதவருகே போக ஏலவில்லை.

மழை விட்டதும், துப்புரவுப் பணி என்று சொல்லி அதே பெக்கோவால் கிறவலை அள்ளுவித்தேன். வெள்ள அறிக்கையில் காரணம் எழுத வேண்டியவனும் நான்தான். 'காலநிலை மாற்றத்தால் ஏற்பட்ட வரலாறு காணாத மழை' என்று எழுதினேன். ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. அந்த வசனத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை.

தையில் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து அதையே விளங்கப்படுத்தினேன். முடிவில் சிவாஜினி எழும்பினாள்.

"சேர், நான் ஒவ்வொரு நாளும் வளவுச் சருகைக் கூட்டி எரிக்கிறனான். அந்தப் புகையும் சேர்ந்துதானோ இந்த மழை வந்தது?"

"எல்லாருக்கும் ஒரு பங்கு இருக்கு," என்றேன்.

"அப்ப என்ர பிள்ளையை நானும் சேர்ந்துதான்..." அவள் கதிரையில் இருந்துவிட்டாள். நான் அடுத்தவரின் கேள்விக்குப் போனேன்.

அதன் பிறகு அவள் வளவில் புகை எழவில்லை. சருகு படலை வரை குவிந்து கிடக்கிறது. போன கிழமை ஒரு வேப்பங்கன்றோடு வந்தாள்.

"கூட்டத்தில மரம் வைச்சா நல்லது எண்டு சொன்னனீங்கள். பிள்ளை என்னை மன்னிப்பாளோ, சேர்?"

"மன்னிப்பாள்," என்றேன். வாய்க்கால் கரையில் குழியையும் நானே தோண்டிக் கொடுத்தேன்.

ஓம், பெக்கோ ஓட்டிய வினோதன் உங்களுக்குச் சொன்னது சரி. அடைத்தது நான். அள்ளி மறைத்ததும் நான். டிலக்ஷி செத்தது என்னால்.

சிவாஜினியிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். கன்று வைத்த பிறகு அவள் கொஞ்சம் ஆறியிருக்கிறாள். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.