இன்னைக்கும் படிகம் வரல

பைபிளைக் கொஞ்ச நேரம் மடியில வையுங்க. நோயாளிகளைப் பாக்கப் போறதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம் இல்லையா... ஒரு சின்னக் கதை சொல்லிட்டு வசனத்துக்கு வந்துடறேன்.

ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. தூத்துக்குடிப் பக்கம். சென்னையில ஆராய்ச்சிக் கூடத்துல வேலை. என்ன ஆராய்ச்சி? காசநோய்க் கிருமி இருக்கே... அது தன்னைச் சுத்தி மெழுகு மாதிரி ஒரு சுவர் கட்டிக்கும். மருந்து லேசுல உள்ள போகாது. அந்தச் சுவருக்கு வேண்டிய சரக்கைத் தயார் பண்றது கிருமிக்குள்ள இருக்கிற ஒரு புரதம். அதோட உருவம் தெரிஞ்சா, அதைக் கட்டிப்போட மருந்து தேடலாம். எப்படிப் பாக்கிறது? சீனிப்பாகு கற்கண்டாகுது பாருங்க... அப்படி அந்தப் புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, கணக்குப் போட்டு உருவத்தை எடுக்கணும்.

படிகம் வந்துச்சா? உப்பை மாத்தினா... வரல. குளிரை மாத்தினா... வரல. வருஷக்கணக்கா வெறும் கலங்கல் தண்ணி!

அந்த நேரம் பாத்து அவ அண்ணன் செல்லத்துரைக்கு அதே நோய். லாரி ஓட்டி இவளைப் படிக்க வச்ச மனுஷன். சாதாரண மாத்திரைக்கு அடங்காத காசநோய். சென்னையிலேயே ஆஸ்பத்திரி. கடுமையான மருந்து, மாசக்கணக்கா.

ஜெசிந்தா போய்ப் பாக்கல. பாசம் இல்லையா? உயிரையே வச்சிருந்தா! வெட்கம். "அந்தக் கிருமியைத்தானே படிக்கிறேன்... கையில ஒண்ணும் இல்லாம அண்ணன் முகத்துல எப்படி முழிப்பேன்? படிகம் வரட்டும், போறேன்."

ஒருநாள் நர்ஸ் போன் பண்ணிட்டாங்க. "உங்க அண்ணன் மாத்திரையைத் துப்புறாரும்மா. வீட்டுக்குப் போறேங்கிறாரு."

ஓடினா. முகக்கவசத்தைப் போட்டுக்கிட்டு கட்டில்கிட்ட நின்னா.

"அண்ணே, ஏன் இப்படிப் பண்ணுதீக?"

"முடியலட்டி. குடலைப் புரட்டுது. எதுக்கு இந்தப் பாடு? நீ ஏதோ கண்டுபிடிக்கேன்னியே, அது என்னாச்சு?"

அழுதுட்டா. "ஒண்ணும் ஆகலண்ணே. இன்னைக்கும் படிகம் வரல. தோத்துத் தோத்து அலுத்துப்போச்சு. விட்டுரலாம்னு இருக்கேன்."

செல்லத்துரை எந்திரிச்சு உக்காந்தாரு. "விட்டுரப் போறியா? ஏட்டி, நாளைக்கு ஒரு வாட்டி வச்சுப் பாரு. என்னாச்சுன்னு வந்து சொல்லு."

"நான் வைக்கேன். நீங்க மாத்திரை?"

"கொண்டா... அந்தச் சனியனை!"

அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் போனா. "இன்னைக்கு?" "வரலண்ணே." மாத்திரையை முழுங்குவாரு. "இன்னைக்கு?" "ஊசி மாதிரி மின்னுச்சுண்ணே. பாத்தா வெறும் உப்பு!" சிரிச்சுச் சிரிச்சு இருமுவாரு... அப்புறம் முழுங்குவாரு.

கடைசியில, அந்தப் புரதம் வேலை செய்யும்போது பிடிச்சுக்கிற பொருள் மாதிரியே ஒண்ணைச் சேர்த்து வச்சா. ஆடிக்கிட்டிருந்த புரதம் அடங்குச்சு. படிகம் வந்துச்சு! உருவமும் கிடைச்சுது.

அந்த உருவத்தோட படத்தை எடுத்துக்கிட்டு ஓடினா. அதுக்குள்ள அண்ணன் குணமாகி வீட்டுக்கு வந்துட்டாரு. ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையிலதான். இவ படத்தால இல்ல.

"புரதத்துல இருக்கிற இந்தப் பள்ளத்தை அடைக்க ஒரு மருந்து வரணும்ணே. பல வருஷம் ஆகும். வராமலும் போகலாம்." படத்தை அவர் கையில குடுத்தா. "உங்களுக்கு நான் ஒண்ணுமே செய்யலியே."

செல்லத்துரை படத்தைக் கீழே வச்சுட்டு அவ கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "யாரு சொன்னா? தினம் வந்து வரல, வரலன்னியே... நாளைக்கு நீ என்ன சொல்லப்போறேன்னு கேக்கணும்னுதாம்ட்டி ஒவ்வொரு மாத்திரையும் முழுங்கினேன்."

கேட்டீங்களா?

அவ எதைச் சொல்ல வெட்கப்பட்டாளோ, அதுதான் அவரைப் பிடிச்சு வச்சுது. நாம என்ன சொல்றோம்? "போனா என்ன பேசுறதுன்னு தெரியல பாஸ்டர், அதான் போகல." நல்ல சேதி இருந்தாத்தான் போகணுமா? ஆறுதல் வார்த்தையை மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போகணுமா? வேண்டாம் அன்பானவங்களே... வேண்டாம். வாழ்ந்துகிட்டிருக்கிற வாழ்க்கையைக் கொண்டு போங்க, அதுல தோத்ததையும் சேர்த்து.

நம்ம எபனேசர் அண்ணன் பக்கவாதத்துல படுத்துக் கிடக்காரு. வாசலையே பாத்துக்கிட்டு. ஆராதனை முடிஞ்சதும் ரெண்டு பேர் போங்க. மோட்டார் கெட்டுப்போனதைச் சொல்லுங்க. குழம்பு கரிஞ்சதைச் சொல்லுங்க. எந்திரிக்கும்போது... "நாளைக்கும் வரேன்ணே"ன்னு சொல்லுங்க. சொன்னா, போங்க.